எங்கள் காணியில் இரும்பு புதைத்த கதை

சண்டை பார்ப்பது எனக்குப் பிடிக்கும். இப்படிச் சொன்னதும் என் பெரிய மருமகள் பேனாவை வைத்துவிட்டு என்னை முறைக்கிறாள். எனக்கு எழுத்து வராது, கைநாட்டுதான். அதனால் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். யார் என்ன பேசினார்களோ அதைப் பேசினபடியே எழுது, மற்றதெல்லாம் பேப்பரில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். கெட்ட வார்த்தைகளை மட்டும் அவள் விட்டுவிடுவாள். அவை இல்லாமல் இந்தக் கதையில் பாதி போய்விடும். போகட்டும்.

ஆரம்பாக்கத்திலிருந்து மேற்கே வந்தால் எங்கள் ஊர். முன்பு இங்கே வாய்க்கால் தண்ணீருக்காக அடித்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் மண்வெட்டிக் காம்பால் பங்காளியின் முழங்கையை உடைத்திருக்கிறார். உடைத்த கையோடு அவன் அடுத்த வாரம் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வந்து கறிச்சோறு சாப்பிட்டான், இடது கையால். நானும் சும்மா இருந்தவள் இல்லை. தெருக்குழாயில் என் குடத்தை உதைத்தவளின் கொண்டையைப் பிடித்து இழுத்ததில் ஒரு பிடி மயிர் என் கையோடு வந்துவிட்டது. பாதி சவுரி. அதைத் தாயேன் என்று அவளே சாயந்திரம் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்தச் சண்டைகளில் ரத்தம் வரும், ஆனால் யாரும் சாகமாட்டார்கள்.

என் இரண்டு பிள்ளைகளின் சண்டை அந்த வகை இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

பெரியவன் நெல் போடுகிறான். சின்னவன் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். எங்களுக்கு இருப்பது ஒரு காணி நிலம், பட்டா என் பேரில். அதை விற்றுப் புதுவாயலில் ரோட்டோரமாக ஒரு கடை போட வேண்டும் என்பது சின்னவனின் ஆசை. விற்றால் உன்னை அங்கேயே புதைப்பேன் என்பது பெரியவனின் பதில். போன பொங்கலுக்கு, படையல் இலை போட்டுக்கொண்டிருக்கும்போதே, சின்னவன் தேங்காயால் அண்ணன் வாயில் அடித்தான். முன்பல் ஒன்று இலையில் விழுந்தது. பெரியவன் மாட்டுக் கயிற்றைத் தம்பி கழுத்தில் போட்டு இறுக்கினான். சின்னவனுக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டார் ஓடிவந்து அரிவாள்மணையால் கயிற்றை அறுத்தார்கள். பல் போன வாயைத் துடைத்துக்கொண்டே பெரியவன் என்னிடம் சொன்னான்.

"எம்மா, சொல்ட்டேன். அடுத்த தபா இவன் கைய ஓங்கினான்னா பொணம்தான். அப்பால நீ அய்வாத."

அவன் அப்பா பேச்சு மாதிரியே அவன் பேச்சு. சொன்னால் செய்வான். அன்றிலிருந்து இரண்டு பேரும் நிலத்துப் பக்கம் ஒன்றாகப் போகாதபடி நான் பார்த்துக்கொண்டேன். ஒருவன் வயலுக்குப் போனால் மற்றவனுக்கு ஏதாவது வேலை வைப்பேன். ரேஷனுக்குப் போ, மாத்திரை வாங்கி வா, ஆட்டைத் தேடு. ஆடு கொட்டகையில்தான் இருக்கும்.

அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்தபோது ஜீப்பில் வந்தார்கள். ட்ரோன் ஓட்டுகிற ஒரு பையன், அவனுக்கு மேலே ஒரு பெண். சேலம் பக்கத்துப் பெண், இன்ஜினியர், என் தோள் உயரம்கூட இல்லை. கல்யாணத்தில் வீடியோ எடுக்கிற ட்ரோனை நான் பார்த்திருக்கிறேன். இது அதைவிடப் பெரியது, ஆறு கையும் ஆறு விசிறியும். வயிற்றிலிருந்து ஒரு கயிறு தொங்கியது, கயிற்றின் நுனியில் ஒரு நீளக் குழல். அந்தக் குழல்தான் உண்மையான மெஷினாம். பூமிக்குள் இருக்கிற காந்தத்தை அது அளந்துகொண்டே போகுமாம். ஏர் ஓட்டுகிற மாதிரியே அது வேலை செய்தது. அந்தக் கோடி வரைக்கும் நேராகப் போகும், திரும்பும், பக்கத்திலேயே அடுத்த சாலில் வரும். உழவு தெரிந்த யாரோதான் இதைக் கண்டுபிடித்திருப்பான் என்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள்.

ஏரிக்கரையில் இன்னொரு மெஷினை மூன்று கால் கட்டி நிறுத்தி வைத்திருந்தாள். நான் அதைப் பார்க்கக் கிட்டே போனேன்.

"பாட்டி, அங்கயே நில்லுங்க. வளையல்ல என்னங்க, ஊக்கா?"

"ஆமாம்மா. ஒரு கொத்து கீது. இன்னாத்துக்கு, உனுக்கு ஓணுமா?"

"வேண்டாங்க. இரும்பு பக்கத்துல வந்தா மெஷினு தப்பா சொல்லும்."

"இடுப்புலயும் ஒண்ணு கீது. அத்தக் கயட்டினா பொடவ நிக்காதுமா. மெஷினா நானான்னு நீயே பாத்துக்கோ."

ட்ரோன் ஓட்டுகிற பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான்.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. இன்னா எடுக்கப் போறீங்க, தங்கமா, பெட்ரோலா, நெலத்த எடுத்துக்கினு துரத்துவீங்களா என்று ஆளுக்கொரு கேள்வி. அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"ரொம்ப ஆழத்துல என்ன பாறை இருக்குதுன்னு மட்டும் பாக்கறோங்க. ஆந்திரா பக்கத்து மலையிலருந்து தொடங்கி இங்க வரைக்கும் வர்றோம். உங்க நிலத்தை யாரும் எடுக்கலீங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். ட்ரோன் வரும்போது வயல்ல இரும்பு எதுவும் வேண்டாம். மேல இரும்பு கிடந்தா மெஷினு அதையேதான் பெருசா காட்டும்."

கூட்டத்தின் இந்தக் கோடியில் பெரியவன் நின்றான், அந்தக் கோடியில் சின்னவன். இரண்டு பேர் காதிலும் இரும்பு என்ற ஒரே வார்த்தைதான் விழுந்தது. அங்கிருந்துதான் வந்தது வினை.

மறுநாள் காலையில் நாஷ்டா முடித்ததும் பெரியவன் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். உள்ளே பழைய ஏர்க் கொழு, டிராக்டரிலிருந்து உடைந்த பிளேடுகள், போர் போட்டபோது மிஞ்சிய பைப் துண்டு. பழைய இரும்புக் கடைக்குப் போடப் போகிறான் என்று நினைத்தேன். மத்தியானம் வெறும் சாக்கோடு வந்து படுத்துத் தூங்கினான். அவன் தூங்கின நேரத்தில் சின்னவன் ஷிப்ட் முடிந்து வண்டியில் வந்தான். வண்டியின் முன்னால் ஒரு மூட்டை. உருக்காலைப் பக்கம் லாரியிலிருந்து விழுகிற கம்பித் துண்டுகள். வீட்டுக்குள் வராமல் நேராக வயலுக்குப் போனான்.

அன்றைக்கு எங்கள் பக்கத்து வயல்களில்தான் ட்ரோன் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் நான் சாணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் மூலையில் மண் எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும், தோண்ட லகு. பாதிக் கம்பியை வேறு இடங்களில் புதைத்துவிட்டு, மிச்சத்தைப் புதைக்கச் சின்னவன் அங்கேதான் போய்த் தோண்டினான். மண்வெட்டி டங்கென்றது. கையை விட்டு இழுத்தான். வந்தது எங்கள் வீட்டுக் கொழு.

பின்னாலேயே பெரியவன் வந்துவிட்டான். இரண்டாவது சாக்கு அவன் தலையில். தூங்குகிறவனை எழுப்பி இன்னும் கொஞ்சம் இரும்பு கொண்டு போ என்று எந்தச் சனியன் சொன்னதோ.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"நீ இன்னா பண்ணிக்கினு கீற? நம்ம ஊட்டுக் கொழு இன்னாத்துக்கு மண்ணுக்குள்ள கீது?"

"நாந்தான் பொதைச்சேன். மெஷினு கொழம்பிப் போயி, இந்த நெலம் ஒதவாதுன்னு எய்திக்கினு போவட்டும்னு பொதைச்சேன். நீ?"

"நானும் பொதைக்கத்தான் வந்தேன். அடில இரும்பு கீதுன்னு மெஷினு காட்டட்டும். நல்ல டப்பு குடுத்து வாங்கிக்கினு போவாங்க."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவர்களும் சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சின்னவன் வாய் ஒரு ஓரமாக அசையக்கூடச் செய்தது. ஆனால் வாங்கிக்கொண்டு போவார்கள் என்று அவன் சொன்னது பெரியவனுக்குள் இறங்கிவிட்டது. தலையிலிருந்த சாக்கை அப்படியே தம்பி மேல் போட்டான்.

இரும்புச் சாக்கு நெஞ்சில் விழுந்தால் மனுஷன் எப்படி விழுவான் என்று அன்றுதான் பார்த்தேன். சத்தமே இல்லை. மல்லாந்து விழுந்தவன் மூச்சு வராமல் வாயை வாயைத் திறந்தான். பிறகு படுத்தபடியே ஒரு கம்பியை எடுத்து அண்ணன் கணுக்காலில் வீசினான். பெரியவன் ஒற்றைக் காலில் கத்திக்கொண்டே சுற்றினான். அறுத்த நெல்லுக் கட்டைகள் அவன் முழங்காலைக் கிழித்தன. பக்கத்து வயலிலிருந்து அந்தப் பெண்ணும் பையனும் ஓடி வந்தார்கள்.

"ஐயோ, கம்பியெல்லாம் யாருங்க இங்க கொண்டாந்தது? அடுத்த லைன் இங்கதான் வருது."

வந்துவிட்டது. தானாக ஓடுகிற ட்ரோனுக்கு மனுஷர் சண்டை தெரியுமா. தன் சாலில் நேராக எங்கள் காணிக்குள் நுழைந்தது. தலைக்கு மேலே அந்தக் குழல் தொங்கிக்கொண்டு வர, பெரியவன் அதைத்தான் எதிரி என்று நினைத்தான் போல. சாக்கிலிருந்து சிதறிய பிளேடு ஒன்றை எடுத்து முழு வீச்சில் மேலே விட்டான். சின்ன வயசில் மாங்காய் அடித்துப் பழகிய கை. விசிறி ஒன்று தெறித்தது. ட்ரோன் சாய்ந்தபடியே கொஞ்ச தூரம் போய், கயிறு வேலிக் கருவேல முள்ளில் மாட்ட, சுழன்று வந்து தரையில் மோதியது. பேட்டரியிலிருந்து வெள்ளைப் புகை. அடுத்த நிமிஷம் வைக்கோல் தாள் பற்றிக்கொண்டது. ட்ரோன் ஓட்டுகிற பையன் தன் சட்டையைக் கழற்றி நெருப்பை அடித்து அணைத்தான். தடுக்கப் போனானோ திட்டப் போனானோ தெரியவில்லை, பெரியவன் பக்கம் திரும்பினான். ஒரே அறை. பாவம், அவன் மூக்கிலிருந்து ரத்தம் பனியன் முழுக்க வழிந்தது.

"என் தலைல மண்ண அள்ளிப் போட்டியே," என்று சின்னவன் எழுந்தான். இரண்டு கையிலும் கம்பி.

அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. பேச்சு நின்றால்தான் பயப்பட வேண்டும். சின்னவன் அடித்தது பெரியவனின் விலாவில், இரண்டு தடவை. கோணிமூட்டையை அடிக்கிற சத்தம். பெரியவன் குனிந்து, சாக்கிலிருந்து சிதறியதில் ஒரு பைப் துண்டை எடுத்தான். தம்பி தலையில் இறக்கினான். நெற்றியிலிருந்து காது வரைக்கும் தோல் பிளந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. ரத்தம் கண்ணுக்குள் போய் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கையைத் துழாவிக்கொண்டு நின்றான். பெரியவன் இரண்டாவது அடிக்குப் பைப்பை ஓங்கினான். அது விழுந்தால் என் சின்னப் பிள்ளை இல்லை.

நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு மூட்டு வலி. ஓங்கின கையைப் பிடித்துத் தொங்கினேன், அவன் உதறினான், முழங்கைக்குக் கீழே சதையாகப் பார்த்துக் கடித்தேன். என் பல் ஒன்றுகூட விழவில்லை, பாக்கு மென்ற பல். உப்பாக வாயில் வந்தது. பைப் விழுந்தது. அவன் தடுமாறினான், நான் என் கனத்தையெல்லாம் அவன் மேல் போட்டு அவனை மல்லாக்கத் தள்ளி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு கையையும் என் முழங்காலுக்கு அடியில் அமுக்கினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அதை மறைப்பானேன்.

"எம்மா, உட்றி. மூச்சு முட்டுது."

"முட்டட்டும்டா. செத்துப் போவ மாட்ட."

சொல்லி வாய் மூடவில்லை. சின்னவன் கண்ணைத் துடைத்துவிட்டு, கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். அப்போதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது. பெரியவனைக் கையைக் காலை அசைக்க முடியாமல் கட்டிப் போட்டதுபோலப் பிடித்து வைத்திருக்கிறேன். அவன் தலை திறந்த வெளியில் கிடக்கிறது. எழுந்தால் இவன் தம்பியைக் கொல்வான். எழாவிட்டால் அவன் இவனைக் கொல்வான்.

"தள்ளிக்கோமா," என்றான் சின்னவன். மெதுவாகத்தான் சொன்னான்.

தள்ளிக்கொள்ளவில்லை. அப்படியே குப்புற விழுந்து பெரியவன் தலையைக் கட்டிக்கொண்டேன். மண்வெட்டி ஏற்கனவே கிளம்பிவிட்டது. கடைசி நேரத்தில் அவன் அதைத் திருப்பியிருக்கிறான், அதனால் வெட்டுகிற வாய்ப் பக்கம் விழாமல் பின்பக்கம் விழுந்தது. என் தோள்பட்டை எலும்பு முறிந்தது. காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம், அது என்னிடமிருந்துதான் வந்தது என்று தெரியவே கொஞ்ச நேரமானது. என் அடியில் பெரியவன் சின்னக் குழந்தை மாதிரிக் கத்தினான்.

"டேய், அம்மாவ அட்ச்சிட்டடா. அம்மாவ அட்ச்சிட்டடா."

மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சின்னவன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான், பிளந்த இடத்திலேயே. அதைத் தடுக்கப் பெரியவன் எழ வேண்டியிருந்தது. தம்பியின் இரண்டு கையையும் பிடித்து முறுக்கி, தன் லுங்கியைக் கிழித்து அவன் தலையைச் சுற்றிக் கட்டினான். கட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் கட்டினான்.

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மூக்கு உடைந்த பையனையும் ஜீப்பில் போட்டுப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். பின்சீட்டில் நடுவில் நான், இரண்டு பக்கமும் இவர்கள். என் மடியைத் தாண்டிக் காலால் உதைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு உதைக்கும் என் எலும்பு உள்ளே குத்தியது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று நர்ஸம்மா கேட்டாள்.

"மாடு முட்டிச்சு," என்றான் பெரியவன்.

"வண்டிலருந்து வுயுந்துட்டேன்," என்றான் சின்னவன், அதே மூச்சில்.

"அப்ப இந்தக் கையில யாரு கடிச்சது?"

"அது நாந்தாம்மா," என்றேன்.

நர்ஸம்மா சீட்டை மூடி வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்தாள். சின்னவனுக்குக் காது வரைக்கும் தையல். பெரியவனுக்கு விலாவில் விரிசல், கையில் என் கடிக்கு ஒரு ஊசி. எனக்குக் கட்டு போட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். இதை எழுதுகிறவள் அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று பேரையும் பார்த்துவிட்டு முதலில் தன் புருஷனை ஒரு அறை விட்டாள். அதையும் எழுது, நிறுத்தாதே.

ட்ரோன் கம்பெனிக்காரர்கள் போலீசுக்குப் போகச் சொன்னார்களாம். அந்தப் பெண் மட்டும் வீட்டுக்கு வந்தாள். வேறு ட்ரோன் வரப் போகிறது, அந்த லைனைத் திரும்ப ஓட்டியே ஆக வேண்டும் என்றாள்.

"மூக்கு உடைஞ்ச பையன் கிட்ட மன்னிப்பு கேளுங்க. வயல்ல புதைச்ச இரும்பை ஒண்ணு விடாம எடுத்துக் குடுங்க. கேஸ் வேண்டாம்னு நான் பேசிக்கறேன். அப்பறம், பாட்டி, இதை மட்டும் அவங்ககிட்ட சொல்லுங்க. நிலத்துக்கு விலை ஏத்தறதும் இறக்கறதும் எங்க வேலையே இல்லீங்க."

மன்னிப்பு கேட்கப் பெரியவனுக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. கேட்டான். இரும்பை எடுப்பதில்தான் தகராறு. இவன் புதைத்த இடம் இவனுக்குத்தான் தெரியும், அவன் புதைத்த இடம் அவனுக்கு. தனித்தனியாகத் தோண்டினால் நான் எடுத்துவிட்டேன், மிச்சம் அவனுடையது என்று சொல்வார்கள். எனவே இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இறங்க வேண்டும், கையில் மண்வெட்டியோடு. மண்வெட்டி என்றதும் நானும் கூடவே கிளம்பிவிட்டேன். வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்தத் தடவை யார் மேல் விழுவது, எந்தத் தோளைக் கொடுப்பது என்று யோசனை.

அந்தப் பெண் ஒரு கழியில் கட்டிய மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் அளக்கும்போது மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அது காட்டுகிற இடத்தில் இவர்கள் தோண்டினார்கள். கம்பி, பிளேடு, கம்பி, பைப். வெயில் ஏற ஏற வாய்க்கால் மூலைக்கு வந்தார்கள். அங்கே மெஷின் அடங்கவே இல்லை.

"ஒண்ணு இன்னும் கீதுடா. உன்னுதுதான்."

"என்னுது எல்லாம் எட்த்தாச்சு. உன்னுது."

"பொய் சொன்ன, மூஞ்ச ஒடப்பேன்."

"ஒடையேன் பாக்கலாம். தையல் போட்ட பக்கம் வேணாம், இந்தப் பக்கம் ஒட."

அவன் பொய்யன் என்று நிரூபிக்க இவன் தோண்டினான், இவனைப் பொய்யனாக்க அவன் தோண்டினான். தோளோடு தோள் இடித்துக்கொண்டு இடுப்பளவு பள்ளம். அடியில் தண்ணீர் கசிந்தது, இரும்பு இல்லை. பெரியவன் மண்வெட்டியை நிமிர்த்திப் பிடித்தான். அந்தப் பிடி எனக்குத் தெரியும். நான் ஒற்றைக் கையை ஊன்றி எழுந்துவிட்டேன்.

அப்போது அந்தப் பெண், மறுபடி அளக்க இரண்டு மண்வெட்டியையும் வாங்கி வரப்பில் போட்டுவிட்டு, சின்னவனைப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் பள்ளத்துல இருந்து மேல ஏறி அப்படித் தள்ளிப் போங்க," என்றாள். போனான். மெஷினைப் பார்த்தாள். "இப்ப வாங்க." வந்தான். "ஷிப்ட்ல இருந்து நேரா வந்தீங்களா?"

"ஆமா மேடம்."

"கால்ல என்னங்க?"

கம்பெனி ஷூ. விரலில் கனமாக எதுவும் விழுந்தால் நசுங்காமல் இருக்க அதன் முன்பக்கத்துக்குள் இரும்புத் தகடு வைத்திருப்பார்களாம். காலையிலிருந்து அவன் எங்கே நிற்கிறானோ அங்கே மெஷின் கத்தியிருக்கிறது. பாதிப் பள்ளம் அவன் ஷூவைத் தேடித் தோண்டியது.

பெரியவன் பள்ளத்துக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பல் போன இடம் தெரியச் சிரித்தான். விலா வலிக்கிறது என்று கையால் பிடித்துக்கொண்டு சிரித்தான். சின்னவனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இடது கால் ஷூவைக் கழற்றி அண்ணன் மேல் வீசினான். அது சரியாக நான் கடித்த இடத்தில் பட்டது.

"அண்ணனச் செருப்பால அடிக்கிறியாடா பேமானி," என்று பெரியவன் அதையே திருப்பி வீசினான். சின்னவன் குனிந்தான், ஷூ போய் வாய்க்கால் சேற்றில் விழுந்தது. அடுத்த ஷூவும் பறந்தது. பிறகு மண்ணாங்கட்டி. இரண்டு மண்வெட்டியும் வரப்பில் படுத்துக் கிடந்தன, யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. பள்ளத்துக்குள் புரண்டு முகத்தில் சேறு அப்பிக்கொண்டார்கள். அந்தப் பெண் தடுக்கப் போனாள்.

"வுட்டுரு கண்ணு," என்றேன். "இது ரத்தம் வராத சண்ட. நீ ஒக்காரு."

அவளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் புது ட்ரோன் வந்தது. சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் சேற்றோடு எழுந்து, ஷூவையும் மண்வெட்டிகளையும் தேடி எடுத்துக்கொண்டு, வயலை விட்டு ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். ஓடும்போதும் ஒருவனை ஒருவன் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டுதான் ஓடினார்கள். நான் வளையலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் ஊக்குகளைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, புடவையை ஒற்றைக் கையால் பிடித்தபடி அவர்கள் பின்னால் நடந்தேன்.